வாரத்துக்கு ஒன்று, தினமும் அல்ல

மூட்டு வலிக்கு எழுதித்தரும் சீட்டில் பல சமயம் இரண்டு மாத்திரைகள் சேர்ந்தே வருகின்றன. கால்சியம் தினமும், வைட்டமின் டி வாரம் ஒன்று மட்டும். சீட்டின் கிறுக்கலைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் இரண்டும் தினமும் வாய்க்குப் போய்விடும்.

அந்த டி மாத்திரையின் அளவு 60,000 யூனிட். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி ஒரு நாளின் தேவை 600, மேல்வரம்பு 4,000. நூறு நாள் தேவை ஒரே மாத்திரையில்! குறைபாடு உள்ளவர் இதை எட்டு வாரம் சாப்பிடுவது முறையான சிகிச்சைதான். அதன் பிறகும் காலி அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பதைத்தான் தடுக்கச் சொல்கிறோம்.

கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் சிறுநீரோடு போவதில்லை, உடம்பில் தேங்கும். டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, குமட்டல், மலச்சிக்கல், தாகம், அசதி என்று தொடங்கி சிறுநீரகம் வரை கெடும். அசதி என்றதும் நம் ஊரில் என்ன செய்வோம்? இன்னொரு சத்து மாத்திரை கேட்போம். கை கால் மரத்துப்போகிறது என்று வாங்கும் நரம்பு மாத்திரையும் இப்படித்தான். அதில் இருக்கும் பி6 வைட்டமின் அதிக அளவில் மாதக்கணக்கில் உள்ளே போனால் அதுவே மரத்துப்போக வைக்கும்.

மருந்தாக அல்லாமல் உணவு என்ற பெயரில் விற்கும் சத்துப் பொருள்களில் வைட்டமின் ஒரு நாள் தேவையைத் தாண்டக் கூடாது என்று 2016-லேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. அந்த டப்பாக்களைப் புரட்டிப் பார்க்க வேண்டிய ஆய்வாளர்கள் புதுவை நேரு வீதியோடு திரும்பாமல் வில்லியனூர், பாகூர் கடைகளுக்கும் வர வேண்டும்.

புதுவை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எல்லா மெடிக்கல்களுக்கும் ஒரே உத்தரவு போடட்டும்: புதுச் சீட்டு இல்லாமல் 60,000 யூனிட் மாத்திரை இல்லை, கொடுக்கும் உறையில் 'ஞாயிறு மட்டும்' என்று தமிழில் கிழமையும், நிறுத்த வேண்டிய தேதியும். ஒரு கடை மட்டும் கேட்டு நடந்தால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும் என்ற வியாபாரியின் பயம் நியாயமானது. அதனால்தான் எல்லாருக்கும் ஒரே உத்தரவு என்கிறோம்.

சீட்டுக்காக ஒரு நாள் கூலியை இழக்க முடியுமா என்று நடவுக்குப் போகும் பெண் கேட்டால், அந்தக் கேள்விக்கு உறையில் பதில் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையங்களும், புதுவை ராமநாதபுரத்தில் உள்ள ஜிப்மர் கிராமப்புற சுகாதார மையமும் மாலையிலும் இதற்கென நேரம் ஒதுக்க வேண்டும். வீடு வீடாகப் போகும் கிராமச் செவிலியர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் விசாரிப்பதோடு, வீட்டில் இருக்கும் மாத்திரைப் பையையும் வாங்கிப் பார்க்கட்டும்.