தலைக்கட்டுக் கணக்கும் கலை உரிமையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 29ஆம் பிரிவில், பண்பாட்டு வாழ்வில் மாற்றுத்திறனாளிகள் பிறரோடு சமமாகப் பங்கேற்பதற்கு அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் வழிசெய்ய வேண்டும் என்று விதிக்கிறது. இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் உறுப்போ, அவர்களுடைய படைப்பாற்றல் சமூகத்துக்கும் வளம் சேர்ப்பது என்கிறது. எனினும் களத்தில் பெரும்பாலும் காணப்படுவது, பன்னாட்டு மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3ஐ ஒட்டித் தனி மேடை, தனிப் பார்வையாளர், தனிப் பரிசு என்று அமையும் ஒருநாள் நிகழ்ச்சியே. ஊர்க்கலையில் பங்கு என்பது இதனால் கிட்டுவதில்லை.

அந்தப் பங்கு கிட்டச் செய்வதற்கு, பழவேற்காட்டு ஏரியோர மீனவக் குப்பங்களில் கலைப்பணி புரிவோர், அங்கு வழங்கும் பாடு முறையை ஊன்றி நோக்கலாம். பாடு என்பது, வலை கட்டுவதற்குரிய ஏரியிடங்களைச் சீட்டுக் குலுக்கிச் சுழற்சியாகப் பகிர்ந்துகொள்ளும் ஊர் ஒழுங்கு; கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவை இதனைப் பின்பற்றி வந்துள்ளன. வளமான இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் காக்கும் இந்த நேர்மை போற்றத்தக்கது. ஆயினும் அது தலைக்கட்டுக் கணக்கில், அதாவது ஊர் தனிக்குடும்பமாக ஏற்ற வீடுகளின் கணக்கில், அடங்கும் ஆண்களுக்கிடையிலான நேர்மையாகும். பகிர்வு எவ்வளவு செம்மையானதாயினும் கணக்கில் இடம்பெறாதவருக்கு அதனால் பயனில்லை என்பதால், எவரெவர் கணக்கில் உள்ளனர் என்பதே கலைப்பணியாளரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வடதமிழ்நாட்டின் தெருக்கூத்து, மாற்றுத்திறனாளிகளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள மிகவும் இடங்கொடுக்கும் கலை. பார்வையற்றவர் பின்பாட்டுக்காரராகவும் தாளக்காரராகவும் முழுக் கலைஞராக விளங்கலாம். அடவு, முகவண்ணம், கிரீடம் ஆகியவற்றால் கண்ணுக்குப் பொருள் உணர்த்தும் இக்கலை செவித்திறன் குன்றியோருக்கும் அணுக்கமானது. கதைக்கு உள்ளும் புறமும் உலவி, எழுதப்படாத உரையாடலால் ஆட்டத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் என்னும் பாத்திரம் உடன் இருப்பதால், மெதுவாகப் பேசுபவரும் சொன்னதையே திரும்பச் சொல்பவரும் ஆட்டத்தைக் குலைக்காமல் அதில் கலந்துகொள்ள முடியும். அப்படிக் கலந்துகொள்பவரைச் சிரிப்புக்குரிய பொருளாக்காமல் காப்பது வாத்தியாரின், அதாவது கூத்தைப் பயிற்றுவிப்பவரின், பொறுப்பு. லண்டனில் 1980இல் தோன்றிய அமிசி நடன அரங்கும், இலங்கையில் 2000இல் நிறுவப்பட்ட சுனேரா அறக்கட்டளையும் தொடர்பயிற்சியின் வழியே இத்தகைய கூட்டு அரங்கை வளர்த்துள்ளன.

ஆனால் ஒத்திகைக்கு வரும் வழியில், மணலில் சக்கர நாற்காலி புதையும். துணைக்கு வருபவர் அன்றைய வருவாயை இழப்பார். ஆகவே போக்குவரத்துச் செலவும் துணையாளர் கூலியும் திட்டநிதியில் முதலில் எழுதப்பட வேண்டியவை. ஒத்திகை நேரமும் வலைக்குப் போகும் நேரத்தை அனுசரித்து அமைய வேண்டும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. களப்பணியாளர்கள் அவ்வுறுப்பினருடன் இணைந்து, திருவிழாவுக்கு எந்தக் கூத்து, எவர் ஆடுவது என்று ஊர்ப் பஞ்சாயத்து முடிவுசெய்யும் கூட்டத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் கோர வேண்டும்.