செத்தவீட்டில் ஒரு கைபேசி

திருகோணமலையில் ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், பந்தல் போடுமுன்பே மரண அறிவித்தல் வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பின் ஊரை விட்டுப் போனவர்களில் எத்தனையோ பேர், தாயின் சாவைக் கடிதம் வந்த பிறகே அறிந்தார்கள். இன்று கொள்ளி வைக்கும் நேரத்தில் ரொறன்ரோவில் இருக்கும் மகள் நேரலையில் பார்த்து அழுகிறாள். இது சின்ன ஆறுதல் இல்லை. 2018 மார்ச்சிலும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அரசு சமூக ஊடகங்களை முடக்கியபோது அறுந்தது இந்தத் தொடுப்பும்தான். பாதுகாப்பின் பேரில் முடக்குவோர் இதை எண்ணவேண்டும்.

ஆனால் அடுத்த ஒழுங்கையில் இருப்பவர்கூட "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று தட்டிவிட்டு நின்றுவிடுகிறார். முன்பு அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறும் தேநீரும் அயலிலிருந்து போகும். இரவு விழித்திருக்க ஆட்கள் வருவார்கள். கடல் கடந்த பிள்ளைக்குத் திரையை விட்டால் வேறு வழியில்லை. நடந்து வரக்கூடியவருக்கு அது சாட்டாகாது.

அழும் தாயின் முகத்துக்கு நேரே கேளாமல் கைபேசியை நீட்டுவதும், எடுத்த படத்தை முகநூலில் எல்லோரும் பார்க்க இடுவதும் நிறுத்தப்படவேண்டும். நேரலை குடும்பத்தாரின் குழுவுக்குள் இருக்கட்டும். படம் பிடிப்பவர் முதலில் வீட்டுப் பெரியவரிடம் கேட்கட்டும்.