தங்கம் கனமா, ஈயம் கனமா?

ஒரே அளவில் இரண்டு கட்டிகள். ஒன்று தங்கம். மற்றொன்று ஈயம். எது கனம்?

ஈயம் என்றுதான் பலரும் சொல்லுவார்கள். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம். அதே அளவு தங்கமோ 19.3 கிராம்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒவ்வோர் அணுவாகப் பார்த்தால் ஈய அணுதான் கனமானது. அதன் கருவில் 82 புரோட்டான்கள். தங்க அணுவில் 79தான். அப்படி இருந்தும் கட்டியானதும் தங்கம் முந்திக்கொள்கிறது. எப்படி?

விடை சோமனூரில் இருக்கிறது!

கோவை மாவட்டத்தில் உள்ள சோமனூர் விசைத்தறிக்குப் பேர்போன ஊர். 20ஆம் நம்பர் நூல் தடிப்பு, 40ஆம் நம்பர் நூல் மெல்லிசு என்பது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாததல்ல. தடித்த நூலை இடைவெளி விட்டு நெய்தால் துணி சல்லடை மாதிரி இருக்கும். மெல்லிய நூலையே நெருக்கி நெய்தால் துணி கனத்துவிடும். தங்கத்தின் கதையும் இதுதான். ஈய அணுக்கள் சற்று விலகி நிற்கின்றன. தங்க அணுக்கள் நெருங்கி நிற்கின்றன. அணுவின் எடையும் அணுக்களின் நெருக்கமும் சேர்ந்ததுதான் அடர்த்தி.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? அணு ஒரு பாடம். அடர்த்தி வேறொரு பாடம். "நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி" என்று பிள்ளை மனப்பாடம் செய்கிறான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறான். தறி ஓடும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கே இந்தக் கதி!

இதற்குக் கணிப்பொறி உதவும். கார்ல் வீமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 2001இல் நோபல் பரிசு பெற்றார். மறு ஆண்டே, 2002இல், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பாடங்களை விளையாட்டுப்போல் திரையில் செய்து பார்க்கும் ஏற்பாடு அது. காசு கிடையாது. சில தமிழிலும் இருக்கின்றன.

அணு விளையாட்டில் மூன்று வகைத் துகள்கள் தனித்தனியே குவிந்திருக்கும். புரோட்டானை இழுத்து நடுவில் போட வேண்டும். ஒன்று போட்டால் ஹைட்ரஜன். ஆறு போட்டால் கார்பன். எலெக்ட்ரானைக் குறைத்தால் மின்சுமை காட்டும். அடர்த்தி விளையாட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கட்டிகளை அதில் போடலாம். சில மிதக்கும், சில மூழ்கும். கட்டியின் எடையையும் அளவையும் மாற்றிப் பார்க்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆசிரியரே சுட்டியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளைக் கைகட்டி உட்கார வைத்தால், அது சினிமாக் கொட்டகை ஆகிவிடும்! பிள்ளை தன் கையால் தப்பாகப் போட வேண்டும். "மிதக்கும்" என்று நினைத்தது மூழ்க வேண்டும். அப்போதுதான் மூளை வேலை செய்யும்.

இன்னொரு சங்கதி. திரையில் தெரியும் அணு அசல் படம் அல்ல. அதில் கரு பெரிதாகத் தெரிகிறது. ஹைட்ரஜன் அணுவின் கருவை ஒரு கடுகு என்று வைத்துக்கொண்டால், அணு நூறு மீட்டர் அகலம் இருக்கும்! இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டுவது அரைகுறைப் பாடம்.

அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத் திரை அவசியம். அடர்த்தி அப்படியல்ல. ஒரு வாளித் தண்ணீர் போதும். அதையும் திரையிலேயே காட்டி முடித்துவிடுவது சோம்பேறித்தனம்.

சோமனூர்ப் பள்ளிக்கு இதைவிடச் சுலபமான சோதனை ஏது? தறியிலிருந்து வந்த காடாத் துணியில் ஒரு துண்டு. வெளுத்த துணியில் ஒரு துண்டு. இரண்டையும் தண்ணீரில் போடட்டும். வெளுத்தது சீக்கிரம் நனைந்து மூழ்கும். காடா மிதந்துகொண்டே இருக்கும். இரண்டும் பருத்திதான்! பருத்தி இழை தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தி உள்ளது. நியாயப்படி மூழ்கத்தான் வேண்டும். காடாவில் பருத்தியின் இயற்கை மெழுகு போகாமல் இருக்கிறது. அது தண்ணீரை உள்ளே விடுவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்று தங்கிவிடுகிறது. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் துணி தண்ணீரைவிட லேசு.

ஆசிரியர் இந்தக் காரணத்தை உடனே சொல்லிவிடக் கூடாது. ஒரு நாள் விட்டுவிடலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்கட்டும். மறுநாள் கணிப்பொறி அறையைத் திறந்தால் போதும்.