ஷோகேஸுக்கு ஒரு பிளக் பாயிண்ட்

ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை வரும், வேலையில்லாத் திண்டாட்டம் வரும். நான் ஒரு பிளக் பாயிண்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

என் அப்பா முத்துப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். ரம்ஜான், கந்தூரி, தீபாவளி வந்துவிட்டால் வாசல் ஷோகேஸில் பொம்மைக்குப் புடவை கட்டி, லைட் போடுவதும் அவர்தான். ஷோகேஸுக்குள் சாக்கெட்டே கிடையாது. கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற சாக்கெட்டில் இரண்டு வயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகி, தரையோடு இழுத்து வருவார்கள். போன தீபாவளிக்கு முதல் நாள், வாசல் கழுவிய ஈரத்தில் நின்று அலுமினிய பிரேமைத் தொட்டவரை கரண்ட் தூக்கிப் போட்டுவிட்டது. முழங்கையில் அடியோடு தப்பித்தார். முதலாளியிடம் சொன்னதற்கு, "பத்து நாள் ஜோடனைக்கு எவன்ப்பா சுவரை உடைப்பான்?" என்றாராம். அப்பாவும் "நியாயம்தானே" என்கிறார்! எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. ஷோகேஸின் நீளத்தில் 12 அடிக்கு ஒரு சாக்கெட், அதுவும் மேல் விளிம்பிலிருந்து 18 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஏன் மேலே? விளக்கு தொங்குவது மேலேதானே. சாக்கெட்டும் அங்கேயே இருந்தால் வயர் துணிமேல் படாது, தரைக்கு வராது, ஈரத்தில் கிடக்காது. நம்ம ஊர்க் கடை முகப்பு 10, 12 அடி என்றால் ஒரே ஒரு சாக்கெட் போதும். அவ்வளவுதான் விஷயம்!

"இப்பதான் எல்.இ.டி. வந்துடுச்சே, லோடே இல்லையே" என்று கேட்கலாம். உண்மைதான். 10 வாட் விளக்கு பத்து போட்டாலும் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட வராது. ஆனால் ஷாக் அடிப்பதற்கு லோடு கணக்கு தேவையில்லை. உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. தீக்குச்சி சொருகும் இரண்டு வயரில் எர்த் எங்கே இருக்கிறது? போதாததற்கு நம்ம ஊர் உப்புக்காற்று வேறு. பித்தளைப் பின் பச்சை பூத்து, லூசாகி, சூடாகும். பக்கத்திலேயே புடவை அடுக்கு!

தனி சர்க்யூட், எர்த்தோடு மூன்று பின் சாக்கெட், பிரேமுக்கும் எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று. கடை கட்டும்போதே பைப் போட்டுவிட்டால் ஒரு பட்டுப்புடவை விலைகூட ஆகாது. இதைக் கடைக்காரர் கேட்க மாட்டார், அவருக்குத் தெரியாது. எஸ்டிமேட் போடுகிற நாம்தான் எழுத வேண்டும். நாளைக்கு நாமும் "பார்ட்டி கேக்கலையே" என்று விட்டுவிட்டால், டிப்ளமோவுக்கும் தீக்குச்சிக்கும் என்ன வித்தியாசம்?

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அடுத்த ரம்ஜானுக்குள் அந்த முதலாளியை நேரில் பார்த்து, ஷோகேஸை அளந்து எஸ்டிமேட் கொடுக்கப் போகிறேன், கூலி வேண்டாம் என்று. "நீ வராதடா, எனக்கு வேலை போயிடும்" என்கிறார் அப்பா. டேப்பை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.