அழுவது பிள்ளை, மன்னிப்பு மட்டும் உம்மா கேட்க வேண்டுமா?



2019இல் சியோலில் இருந்து சான்பிரான்சிஸ்கோ போன விமானத்தில், நாலு மாதப் பிள்ளையோடு ஏறிய கொரியத் தாய் ஒருவர் 200க்கும் அதிகமான பயணிகளுக்கு ஆளுக்கொரு சின்னப் பை கொடுத்தார். உள்ளே இனிப்பு, காதை அடைக்கும் பஞ்சு, பிள்ளை அழுதால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு கடிதம். விடுமுறைக் காலம் வந்தால் அந்தப் படம் நமது ஊர் வட்ஸ்அப் குழுக்களில் மறுபடி சுற்றும். "இதுதான் பண்பு, நம்மட பொம்புளைகளும் படிக்கணும்" என்று கீழே ஒரு வரி வேறு.

அந்தத் தாயின் மனசு நல்ல மனசு. அவரில் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அதை நமது பெண்களுக்குப் பாடமாக்குகிறவர்களோடுதான் எங்களுக்குக் கணக்கு இருக்கிறது.

நமது ஊரில் இருந்து கைப்பிள்ளையோடு பிளைட் ஏறுகிறவள் யார்? ரியாதில் அல்லது டோஹாவில் வேலை செய்யும் கணவனிடம் போகிறவள். பிறந்து எட்டு மாதமாகியும் வாப்பாவின் முகம் போனில் மட்டும் பார்த்த பிள்ளையைக் கொண்டு போகிறவள். இரவு முழுக்க வேனில் குலுங்கி கட்டுநாயக்க வந்து, வரிசையில் நின்று, அதன் பிறகு ஐந்து, ஆறு மணித்தியாலம் வானத்தில். கூட வர ஆள் இல்லை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பால்மா போத்தலும் பம்பர்ஸும் உள்ள பை. அவள் 200 பேருக்கு ரொபி பை கட்டிக்கொண்டு வர வேண்டுமாம்!

பிள்ளை ஏன் அழுகிறது என்று கேட்டால், "வளர்ப்பு சரியில்லை" என்பார்கள். நுவரெலியா போனவர்களுக்குக் காது அடைக்கும் விதம் தெரியும். அது 6,000 அடிக்கு மேல், வேனில் ஏற மணிக்கணக்காகும். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பது போல் ஆகிறது, அதுவும் அரை மணித்தியாலம் அளவில். இறங்கும் போது அது திரும்பக் கூடும். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சின்னப் பிள்ளைக்கு ஒடுக்கம், அதனால் இறங்கும் நேரம்தான் வலி கூட. நாம் கொட்டாவி விடுவோம், எச்சில் விழுங்குவோம். பிள்ளைக்கு அது தெரியாது. உறிஞ்சி விழுங்கினால்தான் அந்தக் குழாய் திறக்கும்.

ஆக அந்த நேரத்தில் உம்மா பால் கொடுக்க வேண்டும். இப்போது அவளுடைய சீட்டைப் பாருங்கள். நடு சீட். இரண்டு பக்கமும் அந்நிய ஆண்கள். அபாயாவும் சால்வையும் போட்டிருந்தாலும் எப்படிக் கொடுப்பாள்? ஜன்னல் ஓரத்தைக் கேட்டால், "நான் காசு கட்டி எடுத்த சீட்" என்று முகத்தைத் திருப்புகிறார் நமது சகோதரர். பிறகு பிள்ளை கத்துகிறது. பிறகு அதே சகோதரர் உச்சுக் கொட்டுகிறார். அழுகைக்குப் பாதிக் காரணம் இவரே. இந்த இடத்தில் காதுப் பஞ்சு யாருக்கு உதவும்?

காசு என்றால், மடியில் இருக்கும் பிள்ளைக்கும் சர்வதேசப் பயணத்தில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் எடுக்கிறார்கள், சீட்டும் இல்லாமல். அதுவும் ஒரு பயணிதான். அமைதி அவ்வளவு முக்கியம் என்றால், ஜப்பான் எயார்லைன்ஸ் 2019இல் இருந்து சீட் தெரிவு செய்யும் படத்திலேயே கைப்பிள்ளை எங்கே இருக்கும் என்று காட்டுகிறது. தள்ளி எடுத்துக்கொள்ளலாம். தாயை முறைப்பது அதில் சேர்த்தி இல்லை.

இன்னொரு கூட்டம், "தூங்குவதற்கு ஒரு சளி சிரப் கொடுத்திருக்கலாமே" என்று புத்தி சொல்லும். டொக்டர் சொல்லாமல் கைப்பிள்ளைக்கு அப்படிக் கொடுப்பது ஆபத்து, மூச்சையே பாதிக்கலாம். சில பிள்ளைகள் அதைக் குடித்தால் தூங்காமல் இன்னும் துள்ளும். அடுத்தவர் தூக்கத்துக்காக ஒரு பிள்ளைக்கு மருந்தா?

நாற்பது பிள்ளைகளுக்கு முன் தினமும் நிற்கும் எங்களுக்குச் சத்தம் என்றால் என்னவென்று தெரியும். விமானத்தில் தலையிடி தருவது பிள்ளைகள் மட்டுமல்ல. போனில் சத்தமாக வீடியோ போடுகிறவர், சில்லு நிலத்தில் பட்ட உடனே எழும்பி பை இழுக்கிறவர், அவர்களை யாரும் முறைப்பதில்லையே. அவர்கள் ஆம்பிளைகள் என்பதாலா?

மனசு கூட வருந்துவது உம்றா பயணங்களை நினைத்துத்தான். நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட நினைத்து நின்று, பிள்ளை அழும் சத்தம் கேட்டதும் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள் என்று புகாரியில் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு வந்தாயே என்று அந்தத் தாயை ஏசவில்லை. பேத்தி உமாமாவைச் சுமந்துகொண்டே தொழுவித்ததும் நமக்குத் தெரிந்ததுதான். அந்த நபியின் ஊருக்கு இஹ்ராம் கட்டிக்கொண்டு போகிறவர், முன் சீட்டில் அழும் பிள்ளைக்காகத் தாயோடு சண்டை பிடிக்கலாமா?

உம்றாக் குழு நடத்தும் ஹஸரத்மார்களிடமும் ஏஜென்சிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். வழிகாட்டல் வகுப்பில் துஆ சொல்லிக் கொடுக்கிறீர்கள், பெட்டியின் கிலோக் கணக்கும் சொல்கிறீர்கள். அதில் ஐந்து நிமிடம் இதற்கும் எடுங்கள். கைப்பிள்ளையோடு வருகிறவர் யாரென்று முன்கூட்டியே கேட்டு, அவர்களை ஜன்னல் ஓரமாகவும் பக்கத்தில் இன்னொரு பெண்ணையும் போடுங்கள். ஒரு வரிசையின் ஒரு பக்கத்தில் இரண்டு கைப்பிள்ளைகளைச் சேர்த்துப் போட வேண்டாம், கூடுதல் ஒட்சிசன் முகமூடி அநேகமாக ஒன்றுதான் இருக்கும். விமானத்துக்குள் ஏறிய பிறகு மாற்றுவதென்றால் பணியாளரிடம் கேட்டே மாற்ற வேண்டும். முன் சுவரில் மாட்டும் தொட்டில் சில சீட்டுகளுக்கு மட்டும்தான் உண்டு. டிக்கெட் எடுக்கும் போதே அதைச் சொல்லி வையுங்கள், எயார்போட்டில் போய்க் கேட்டால் அநேகமாக அது வேறு யாருக்காவது போயிருக்கும்.