வலைக்குத் தடை, தூர்வாரும் கப்பலுக்கு நிபந்தனை

கொழிஞ்சாம்பாறை வயல்வெளியில் நின்றாலும், மூணாறு தேயிலைத் தோட்டத்தில் நின்றாலும் கடல் தெரியாது. கடலாமைப் பாதுகாப்பு குறித்துப் பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிக் கிளைகளில் பேச்செடுத்தால், அது கடலோர மாவட்டங்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்த விவகாரத்தின் உட்கரு அவர்களுக்குப் புதிதல்ல. 2013இல் கஸ்தூரிரங்கன் அறிக்கையை எதிர்த்து இடுக்கி கொந்தளித்ததன் அடியில் ஓர் அச்சம் இருந்தது: மலையைக் காக்கும் சுமை சிறு ஏலக்காய் விவசாயியின் தலையில் விழும், பெருமுதலாளி தப்பிவிடுவார். அந்த அச்சத்தைக் குவாரி முதலாளிகளும் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது தனிக்கதை. கடலிலோ அந்த அச்சம் ஏற்கெனவே நடைமுறையாகிவிட்டது.

ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் பங்குனி ஆமைகள் லட்சக்கணக்கில் திரண்டு வந்து முட்டையிடுகின்றன. 1997இல் அப்பகுதி கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தாம்ரா, தேவி, ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரங்களை ஒட்டி, கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை, ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் மே 31 வரை மீன்பிடிக்கத் தடை உண்டு. ஏழு மாதங்கள்! பாரம்பரிய மீனவக் குடும்பங்கள் எதைத் தின்று அந்த மாதங்களைக் கடக்கின்றன என்பது எந்தச் சரணாலய அறிவிப்பிலும் இடம்பெறுவதில்லை.

அதே தாம்ராவில், ஆமைகள் கரையேறும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், டாடா ஸ்டீலும் எல் அண்ட் டியும் கூட்டாகத் துறைமுகம் கட்டின. 2011இல் அது இயங்கத் தொடங்கியது. 2014இல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. பெரிய கப்பல்கள் வருவதற்காகக் கடலடி ஆழமாகத் தோண்டப்பட்டது. ஆமைகளுக்கு என்ன பாதுகாப்பு? தூர்வாரும் கப்பலின் உறிஞ்சுகுழாய் முனையில் ஆமைகளை ஒதுக்கித் தள்ளும் இரும்புச் சட்டம் பொருத்தப்பட்டது. சர்வதேச வல்லுநர்கள் இதற்கு ஆலோசனை வழங்கினர். வேறு பல சூழலியலாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். மீனவருக்கு விதிக்கப்பட்டது தடை, மூலதனத்துக்கு விதிக்கப்பட்டது நிபந்தனை.

அந்தச் சட்டம் பயனற்றது அல்ல. கடலடியில் ஓய்வெடுக்கும் ஆமையைக் குழாய் முனை நெருங்கும்போது, முன்னே குவியும் மணல் அதை விலக்கிவிடும். ஆனால் முனை தரையோடு ஒட்டியிருந்தால்தான் இது வேலை செய்யும். குழாயைத் தூக்கும்போது பம்பை நிறுத்தாவிட்டால் ஆமை உள்ளே இழுக்கப்பட்டுச் சிதையும். பம்பை நிறுத்தினார்களா என்பதைக் கரையிலிருந்து எவரும் பார்க்க முடியாது. இந்தச் சட்டத்தை உருவாக்கிய அமெரிக்காவிலேயே அதை மட்டும் நம்பி விடுவதில்லை. தென்கிழக்குக் கரையில் ஆமைகள் குறைவாக இருக்கும் குளிர்மாதங்களில் தூர்வாரச் சொல்கிறார்கள். குழாயில் வருவதைச் சல்லடையில் வடித்து, ஆமையின் உடற்பாகங்கள் உள்ளனவா என்று பார்க்கக் கண்காணிப்பாளரைக் கப்பலிலேயே அமர்த்துகிறார்கள்.

ஆமைச் சாவுகளில் மீன்பிடித் தொழிலுக்குப் பங்கில்லை என்று வாதிடுவது நேர்மையாகாது. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின; இழுவலையில் சிக்கி, மூச்சுக்காக மேலே வர முடியாமல் இறந்ததே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. கரையை நெருங்கி இழுவலை போடும் விசைப்படகைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். அதற்காகக் கட்டுமர மீனவரையும் விசைப்படகு முதலாளியையும் ஒரே கூண்டில் நிறுத்துவது சரியல்ல. கோழிக்கோடு மாவட்டத்தின் கொளாவிப்பாலத்தில் 1992 முதல் ஆமை முட்டைகளைக் காத்து வந்தவர்கள் மீனவ இளைஞர்களே. அங்கே ஆற்று முகத்துவாரத்தில் மணலை அள்ளி அள்ளிக் கரை அரித்துப்போனது. ஆமைகளின் வருகையும் சுருங்கியது.

மணல் என்றதும் பாலக்காட்டுத் தோழர்களுக்குப் பாரதப்புழை நினைவுக்கு வரும். மணல் சுரண்டப்பட்டுப் புதர் மண்டிய அந்த ஆற்றைப் பார்த்தவர்களுக்கு, கட்டுமான மூலதனம் அடுத்து எங்கே போகும் என்று விளக்க வேண்டியதில்லை. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ஏலத்துக்கு அறிவித்த 13 கடலடிக் கனிமத் தொகுதிகளில் மூன்று, கொல்லம் கடலின் மணல். கேரள மீனவர்கள் 2025 பிப்ரவரி 27 அன்று கடலோர ஹர்த்தால் நடத்தினர். மார்ச் 4 அன்று சட்டமன்றம் ஒருமனதாக எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் இழுவலைப் படகுகள் கரையில் கட்டிக்கிடக்கின்றன. மீன் இனப்பெருக்கத்துக்காகத் தொழிலாளி இழக்கும் கூலி அது. அதே கடலடியை உறிஞ்சும் கப்பலுக்கு மட்டும் ஓய்வுக்காலம் வேண்டாமா?

இடதுசாரிகள் இதைக் கேட்கும்போது விழிஞ்ஞம் பற்றிய கேள்வி அவர்களை நோக்கியே திரும்பும். இடது முன்னணி அரசின் காலத்தில் வளர்ந்த துறைமுகம் அது. 2022இல் அங்கே மீனவர்கள் போராடியதை மறந்துவிட முடியாது. கொல்லத்துக்கு ஒன்று, விழிஞ்ஞத்துக்கு வேறொன்று என்று அளவுகோல் மாறினால் எந்த மீனவக் கிராமத்திலும் பேச்சு எடுபடாது. முட்டையிடும் பருவத்தில் தூர்வாரும் பணி எங்கும் நிற்க வேண்டும். கப்பலில் ஏறும் கண்காணிப்பாளர் நிறுவனத்திடம் சம்பளம் வாங்குபவராக இருக்கக் கூடாது. மீனவர் சங்கம் பரிந்துரைக்கும் ஒருவரும் அவரோடு கப்பலில் இருக்க வேண்டும். செத்த ஆமைகளின் கணக்கு மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.