பழைய மின்கார் பேட்டரி: உருக்குவதில் அல்ல, சேகரிப்பதில்தான் நமக்கு வியாபாரம்



வாகன உதிரிபாகம், பேட்டரி வியாபாரத்தில் உள்ள நம் உறுப்பினர்கள் நாலு பேர் கூடினால் இப்போது ஒரே பேச்சுதான். மின்சாரக் கார்களிலும் ஸ்கூட்டர்களிலும் இருந்து கழியும் லித்தியம் பேட்டரிகளை வாங்கி விற்றால் கொள்ளை லாபம் வரும் என்கிறார்கள். "நிக்கல் இருக்கிறது, கோபால்ட் இருக்கிறது, இது கழிவு அல்ல, சுரங்கம்" என்று சொல்லி, டெபாசிட் வாங்கிக்கொண்டு ஏஜென்சி கொடுக்க வருபவர்களும் உண்டு. சென்ற ஆண்டு என் கடைக்கும் அப்படி ஒருவர் வந்தார். எந்த வகைச் சரக்குக்கு என்ன விலை, எத்தனை நாளில் எடுத்துக்கொள்வீர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பதிவு எண் என்ன என்று மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லை. காபி கொடுத்து அனுப்பி வைத்தேன்.

இதில் வியாபாரமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிச்சயமாக இருக்கிறது. ஆனால் அதில் எந்தப் பங்கு நமக்கு உரியது என்று தெரிந்து இறங்க வேண்டும். உலோகத்தைப் பிரித்தெடுப்பது பெரும் முதலும் ரசாயன அறிவும் உள்ளவர்களின் வேலை. சரக்கைச் சேகரித்துத் தருவது நம் வேலை. அதையும் தனித்தனிக் கடையாகச் செய்யாமல் சங்கமாகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதே எனது தாழ்மையான கருத்து.

ஈய பேட்டரி தந்த பாடம்

பழைய பேட்டரியை வாங்குவது நமக்குப் புதிதல்ல. லாரி பேட்டரியோ இன்வெர்ட்டர் பேட்டரியோ, பழையதைக் கொண்டுவந்தால் எடை பார்த்து, புதியதின் விலையில் கழித்துக் கொடுக்கிறோம். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயத்தின் விலை எல்லோருக்கும் தெரியும். ஆகவே பழைய பேட்டரியைக் குப்பையில் எறிபவர் யாருமில்லை. விற்ற கடைக்காரரே பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு பேட்டரி விதிகளும் கூறின.

அதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. சேர்ந்த சரக்கில் ஒரு பகுதி, அனுமதியில்லாமல் உருக்குபவர்களிடம் போனது. ஈயப் புகையும் அமிலமும் மண்ணையும் குழந்தைகளின் உடலையும் கெடுத்தன. கிலோவுக்கு ஒரு ரூபாய் அதிகம் கிடைக்கிறது என்று அங்கே கொடுத்தவர்களால் தொழிலுக்கே கெட்ட பெயர் வந்தது. லித்தியத்தில் அந்தக் கதை மீண்டும் நடக்கக் கூடாது.

எல்லா லித்தியமும் ஒன்றல்ல

ஈய பேட்டரி எந்தக் கம்பெனியுடையது என்றாலும் உள்ளே இருப்பது ஈயம். லித்தியம் பேட்டரி அப்படி அல்ல. வெளிப்பெட்டி ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு வேறு. முக்கியமாக இரண்டு வகை. ஒன்றில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் உண்டு. இதை என்.எம்.சி. என்பார்கள். மற்றொன்று இரும்பும் பாஸ்பேட்டும் கொண்டது, எல்.எஃப்.பி. என்று பெயர். இதில் நிக்கலும் இல்லை, கோபால்ட்டும் இல்லை. 2020-இல் சந்தைக்கு வந்த டாடா நெக்சான் மின்காரில் உள்ளது இந்த இரண்டாம் வகையே.

மறுசுழற்சி ஆலையில் பேட்டரியின் மின்சாரத்தை வடித்து, பிரித்து, அரைத்தால் ஒரு கரிய தூள் கிடைக்கும். தொழிலில் அதை பிளாக் மாஸ் என்கிறார்கள். அதை அமிலத்தில் கரைத்துத்தான் உலோகங்களைப் பிரிக்கிறார்கள். தூளில் நிக்கலும் கோபால்ட்டும் எவ்வளவு என்பதைப் பொறுத்தே விலை. ஆகவே என்.எம்.சி.க்குக் கிடைக்கும் விலை எல்.எஃப்.பி.க்குக் கிடைக்காது. வகை தெரியாமல் "கிலோ இவ்வளவு" என்று ஒரே விலைக்கு வாங்குபவர், மிளகையும் பப்பாளி விதையையும் ஒரே தராசில் போட்டவர் ஆவார்.

இருப்பு வைக்கும் சரக்கு அல்ல

விலை ஏறும்வரை குடோனில் வைத்திருப்போம் என்பது பருப்புக்கும் மிளகாய்க்கும் பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. சீனச் சந்தையில் 2022 இறுதியில் ஒரு டன் லித்தியம் கார்பனேட் சுமார் 6 லட்சம் யுவானுக்கு விற்றது. 2024-இல் அதுவே 1 லட்சம் யுவானுக்கும் கீழே இறங்கிவிட்டது. கோபால்ட் கதையும் இதுதான். உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதியைத் தரும் காங்கோ நாடு, விலை சரிந்ததால் 2025 பிப்ரவரியில் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்தது. எங்கோ ஒரு அரசு எடுக்கும் முடிவில் நம் குடோன் சரக்கின் விலை மாறும்.

பெரிய நிறுவனங்களே தடுமாறிய தொழில் இது. கனடாவில் 2016-இல் தொடங்கிய லி-சைக்கிள் என்ற மறுசுழற்சி நிறுவனம் நியூயார்க் பங்குச்சந்தை வரை போனது. ஆலை கட்டும் செலவு மேலே மேலே ஏறியதால் 2023-இல் கட்டுமானத்தை நிறுத்தியது. 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கோரியது. வாழ்நாள் சேமிப்பை ஆலையில் போட நினைக்கும் நம் உறுப்பினர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

விலையை விடப் பெரிய ஆபத்து தீ. ஒரு காரின் பேட்டரித் தொகுப்பு சாதாரணமாக 300 கிலோ எடை இருக்கும். வண்டி ஓடாவிட்டாலும் அதனுள் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் நிற்கும். அடிபட்ட செல் ஒன்று சூடேறினால் பக்கத்துச் செல்களும் தொடர்ந்து பற்றும். அணைத்த பிறகும் மீண்டும் எரியும். 2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின் ஸ்கூட்டர் விற்பனைக் கடையில் பிடித்த தீ, மேலே இருந்த விடுதியில் 8 பேர் உயிரைப் பறித்தது. 2024 அக்டோபரில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு பேட்டரி மறுசுழற்சி ஆலையே எரிந்தது. கீழே கடை, மேலே குடும்பம் என்று வாழும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சட்டம் நமக்குத் தரும் இடம்

2022 ஆகஸ்டில் மத்திய அரசு புதிய பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. பேட்டரியைத் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும்தான் பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பாளிகள். புதைப்பதும் எரிப்பதும் கூடாது. புதுப்பிப்பவரும் மறுசுழற்சி செய்பவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேகரிப்பவர் அவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். மின்வாகன பேட்டரியில் இருந்து மீட்க வேண்டிய பொருளின் அளவை 2024-25-இல் 70 சதவீதம் என்று தொடங்கி, 2026-27 முதல் 90 சதவீதம் என்று அந்த விதிகள் வைத்தன. புதிய பேட்டரியில் மறுசுழற்சிப் பொருள் 2027-28-இல் 5 சதவீதமும், 2030-31-இல் 20 சதவீதமும் இருக்க வேண்டும் என்றும் கூறின.

இதன் பொருள் என்ன? தயாரிப்பாளருக்குப் பழைய பேட்டரி கட்டாயம் தேவை. ஊர் ஊராக, தெருத் தெருவாகப் போய்ச் சேகரிக்க அவரிடம் ஆள் இல்லை. நம்மிடம் கடை இருக்கிறது. இதுவே நமது பலம்.

ஆனால் காலம் தாழ்த்தினால் இந்த இடமும் போய்விடும். லித்தியம் பேட்டரிக் கழிவுக்கு இறக்குமதி வரியை 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் மத்திய அரசு நீக்கிவிட்டது. உள்ளூரில் ஒழுங்காகச் சரக்கு கிடைக்காவிட்டால் ஆலைக்காரர் வெளிநாட்டில் வாங்கிக்கொள்வார். அதே 2025 செப்டம்பரில் அரிய கனிம மறுசுழற்சிக்கு ரூ.1,500 கோடி ஊக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டுள்ளது. ஆலைகள் பெருகும், பெருகினால் சரக்குக்குப் போட்டியும் பெருகும்.

ஒரு வசதி, நமக்குச் சிறிது அவகாசம் இருக்கிறது. மின்கார் பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 ஆண்டு உத்தரவாதம். நம் நாட்டில் மின்கார் விற்பனை சூடு பிடித்ததே 2020-க்குப் பிறகுதான். ஆகவே கார் பேட்டரிகள் மொத்தமாக வரும் காலம் இனிமேல்தான். அதற்கு முன் வருபவை ஸ்கூட்டர், மூன்று சக்கர வண்டி, விபத்தில் சிக்கிய கார் ஆகியவற்றின் பேட்டரிகள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் செய்த ஸ்கூட்டர்கள் நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றில் தொழிலைப் பழகிக்கொள்ளலாம்.

சங்கம் செய்ய வேண்டியவை

1. ஊருக்கு வெளியே, குடியிருப்பு இல்லாத இடத்தில், சங்கத்தின் பெயரில் ஒரு பொதுக் குடோன் அமைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தீயணைப்புத் துறை, காப்பீட்டு நிறுவனம் மூன்றிடமும் கேட்டு எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். கடையில் எவரும் பழைய லித்தியம் பேட்டரியை அடுக்கி வைக்கக் கூடாது.

2. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் விலைப்புள்ளி கேட்டு, வகைவாரியாக விலை, எடுக்கும் காலக்கெடு, பணம் தரும் நாள் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். தனிக்கடைக்காரர் கேட்டால் கிடைக்காத விலை, சங்கம் கேட்டால் கிடைக்கும்.

3. இன்று முதல் நாம் விற்கும் ஒவ்வொரு லித்தியம் பேட்டரியின் பில்லிலும் அதன் வகையையும் கொள்ளளவையும் குறிக்க வேண்டும். எட்டு ஆண்டு கழித்து அதே பேட்டரி திரும்பி வரும்போது அந்த ஒரு வரிதான் விலையைத் தீர்மானிக்கும்.

4. பேட்டரியைக் கழற்றுவது, கட்டுவது, வண்டியில் ஏற்றுவது குறித்து நம் கடைப் பையன்களுக்குத் தகுந்தவர்களைக் கொண்டு பயிற்சி தர வேண்டும். பெட்டியைத் திறந்து செல்களைப் பிரித்து, இன்வெர்ட்டர் பேட்டரி என்று விற்கும் கைவேலையை உறுப்பினர்கள் செய்யக் கூடாது. பழைய கார் பேட்டரியில் 70, 80 சதவீதத் திறன் மீதமிருக்கலாம். சூரிய மின்சாரத்தைச் சேமிக்க அது உதவும். ஆனால் அதைச் சோதித்துத் தருவது பதிவு பெற்ற புதுப்பிப்பாளரின் வேலை.

5. சேகரிப்பவருக்குக் கையாளும் கூலியாக ஒரு நிச்சயத் தொகையைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று அரசிடம் மனு கொடுக்க வேண்டும். நிக்கல் இல்லாத எல்.எஃப்.பி. பேட்டரியை யாரும் சும்மா சுமந்து வர மாட்டார்கள். கூலி இல்லாவிட்டால் அது குப்பைமேட்டுக்கும் குளத்தங்கரைக்கும்தான் போகும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தனிப்பொருளாக வைத்து விவாதிக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அதுவரை யாருக்கும் டெபாசிட் கட்ட வேண்டாம், கடைக்குள் சரக்கைச் சேர்க்கவும் வேண்டாம். ஊருக்கும் நமக்கும் கேடில்லாமல் செய்தால் இது நம் பிள்ளைகள் காலம்வரை நிற்கும் தொழில்.